கர்னலுக்குச் சீட்டு எழுதிய ராணி

செல்வராணி இறந்த செய்தி வந்தபோது நான் மில்லில் மிளகாய் திரித்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். போன் அடித்தது கேட்கவில்லை, வெளிச்சம் மின்னியதைப் பார்த்துத்தான் எடுத்தேன். அவள் தங்கை ஜெபா முட்டத்திலிருந்து பேசினாள். பெல்ட் ஓடுகிற சத்தத்தில் முதலில் சொன்னது விளங்கவில்லை. "மில்ல கொஞ்சம் நிறுத்துங்க ஆச்சி" என்றாள். நிறுத்தினேன். "அக்கா போயிட்டா ஆச்சி" என்றாள். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில், விடிந்து கொஞ்ச நேரத்தில். மிளகாய் கொண்டுவந்தவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு மீதியையும் திரித்துக் கொடுத்துவிட்டு மாடிக்கு ஏறினேன். கதவு பூட்டியிருந்தது. சாவி என் இடுப்பில்தான் இருந்தது, ஆனால் அன்று திறக்கவில்லை.

அவள் எங்கள் நாகர்கோவில் வீட்டின் மாடியில் ஏழு வருஷம் குடியிருந்தாள். அவளோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறீர்களாம். வீட்டிலிருந்த ராணியைப் பற்றி நான் இரண்டு பக்கம் எழுத வேண்டும் என்று ஜெபா கேட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்து மோசம். ஞாபகம் மோசமில்லை. என்னிடம் யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பது வார்த்தை மாறாமல் இருக்கும். அது நல்ல குணம்தானா என்று என் மருமகளிடம் கேட்டால் வேறு பதில் சொல்வாள்.

ராணி மேல் எனக்கு முதல் நாளே ஒரு வருத்தம் உண்டு. சாமான்கள் இன்னும் லாரியில் இருக்கும்போதே கீழே வந்து, "அக்கா, மில்லு எத்தன மணிக்கு நிக்கும்?" என்றாள். தெருவே என்னை ஆச்சி என்று கூப்பிடும்போது இவள் ஒருத்திதான் அக்கா என்றாள். அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா? "கரண்டு போனா நிக்கும்" என்றேன். அவள் சண்டை போடவில்லை. இரண்டு நாள் மாடியிலிருந்து கேட்டுப் பார்த்து, நான் சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரம் எது என்று கண்டுபிடித்து, வெளியூர்க்காரர்களோடு பேச வேண்டியதையெல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்கு மாற்றிக்கொண்டாள். அதாவது, நான் தூங்கும் நேரத்தில் தலைக்கு மேலே நின்று இங்கிலீஷ் பேசுவாள். நான் அதையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது மில்லில் வைத்துத்தான். எங்கள் மில்லில் ஒரு பழக்கம். அரிசியை வைத்துவிட்டுப் போகிறவர்கள் ஒரு சீட்டு எழுதிப் பாத்திரத்தின் விளிம்பில் துணிக் கிளிப்பால் மாட்டிவிட்டுப் போவார்கள். யாருடைய அரிசி, புட்டுக்கா இடியாப்பத்துக்கா, எத்தனை மணிக்கு வந்து எடுப்பார்கள் என்று அதில் இருக்கும். நான் அரிசியைப் பார்த்து எதையும் ஊகிக்க மாட்டேன். சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படிதான் திரிப்பேன். ஒருநாள் ராணி புட்டுக்கு அரிசி ஊறப்போட்டுக் கொண்டுவந்தவள், வரிசையாக இருந்த பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா, நான் பண்ணுக வேலையும் இதாக்கும்."

"நீயும் மாவு திரிக்கியா?"

"நான் சீட்டு மாட்டுகேன்."

இதைப் படிக்கிறவர்களில் அவள் வீட்டு ஆட்களும் இருப்பார்கள், அவர்களுக்காக எனக்கு அவள் சொன்ன மாதிரியே சொல்கிறேன். கணினியில் எல்லாவற்றுக்கும் அடியில் கர்னல் என்று ஒன்று இருக்கிறது. மற்ற புரோகிராம்கள் எதை எடுப்பதானாலும் வைப்பதானாலும் அதனிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். கோப்பு என்பது பாத்திரத்தில் இருக்கும் அரிசி. அந்த அரிசியைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சீட்டை உள்ளே போட முடியாது, அதுவும் சேர்ந்து அரைபட்டுவிடும். வெளியே மாட்ட வேண்டும். சீட்டு மாட்டுவது, படிப்பது, என்னென்ன சீட்டு இருக்கிறது என்று கேட்பது, எடுத்துவிடுவது, இதற்கெல்லாம் கர்னலிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று ஒரு முறை உண்டு. பழைய முறையில் ஒரு தடவைக்கு ஒரு சீட்டுத்தான். மூன்று சீட்டு மாட்டுகிறவன் இரண்டாவதை மாட்டும்போது வேறு ஒருவன் எட்டிப் பார்த்தால் அரைகுறையாகத்தான் தெரியும். எல்லாச் சீட்டையும் ஒரே தடவையில் மாட்ட ஒரு புது முறையை ராணி செய்துகொண்டிருந்தாள். அது சரியாக அமைந்து கர்னலுக்குள் போக வேண்டும். வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. சேலைக்குக்கூட.

அவள் அடிக்கடி சொன்ன ஒரு வார்த்தை உண்டு. "உள்ள போனத வெளிய எடுக்க முடியாது அக்கா." கர்னலுக்குள் ஒரு முறை போய்விட்டால் உலகத்தில் எங்காவது ஒருவன் அதை நம்பிப் புரோகிராம் எழுதிவிடுவான். பிறகு தப்பு என்று தெரிந்து மாற்றினால் அவன் எழுதியது உடைந்துபோகும். அதனால் போவதற்கு முன்பே சரியாக இருக்க வேண்டும்.

ஒரு ஆவணியில் பயறுப் பாயசம் வைத்தேன். மாடியைப் பார்த்துக் கூப்பிட்டதும், "எவ்வளவு இருக்கு அக்கா?" என்றாள். ஒருத்தர் கொடுப்பதை அளவு கேட்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. "ஒரு செம்பு" என்றேன். அவள் செம்பு எடுத்துக்கொண்டு இறங்கி வருவதற்குள் என் மருமகள் இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டுவிட்டாள். செம்பில் கொள்ளவில்லை. ராணி படியில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். "இதாக்கும் எங்க தொல்ல. கேட்டதுக்கும் எடுக்க வந்ததுக்கும் இடையில அளவு மாறிப்போச்சு." கர்னலிடமும் சீட்டு எவ்வளவு நீளம் என்று முதலில் கேட்டுக்கொண்டுதான் பாத்திரம் கொண்டுபோக வேண்டுமாம். அதற்குள் சீட்டு நீண்டிருந்தால் கர்னல் 'இந்தப் பாத்திரம் போதாது' என்று சொல்லிவிடும். ஒரு சொட்டு ஊற்றாது.

"கொண்டு வந்ததுக்குக் கொஞ்சம் ஊத்தினாத்தான் என்ன?"

"பாயசம்னா ஊத்தலாம். பாதிச் சீட்டு முழுப் பொய்யாக்கும்."

அவள் செய்ததையெல்லாம் கடிதமாக ஒரு குழுவுக்கு அனுப்ப வேண்டும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் படித்துக் குறை சொல்லலாம். வெளிநாட்டில் ஒருவர் இருந்தார். இவள் எதை அனுப்பினாலும், இது யார் கேட்டது, எதற்கு இது, என்று எழுதுவார். அவள் அதைத் தமிழாக்கிப் படித்துக் காட்டுவாள், எனக்குத்தான் உடம்பு எரியும்.

"நீயும் நாலு வார்த்த நல்லா எழுது ஏட்டி. கடற்கரைல பொறந்தவதானே."

"அவரு சொன்ன ரெண்டாவது குறை சரிதான் அக்கா."

"அப்ப மொதல்ல சொன்னது?"

"அது அவரு காப்பி குடிக்கதுக்கு முன்னால எழுதுனது."

அவருக்கு நன்றி என்று பதில் எழுதினாள். அடுத்த தடவை அந்த இரண்டாவது குறை இருக்கவில்லை. இப்படி நாலு வருஷம். கடைசியில் அந்த மனிதரே 'பார்த்தேன், சரியாக இருக்கிறது' என்று கையொப்பம் வைத்தார். அவர் இந்த மலரைப் படிப்பார் என்று ஜெபா சொல்கிறாள். படிக்கட்டும். நான் இன்னும் மறக்கவில்லை என்றும் யாராவது மொழிபெயர்த்துச் சொல்லட்டும்.

கர்னலின் அடுத்த வெளியீட்டில் ராணி செய்தது உள்ளே போகும் என்று முடிவாகியிருந்த வாரம் அது. எங்கள் தெருக் கோலம்மாள் காலையில் அரிசி வைத்துவிட்டு 'கோலம்மாள், புட்டுக்கு' என்று சீட்டு மாட்டிப் போனாள். மறுநாள் அவள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். நடுப்பகலில் அவள் வீட்டுக்காரர் தங்கப்பன் வந்தார். சீட்டைப் படித்தார். சாயங்காலம் தானே வந்து எடுப்பதாக அதில் சேர்த்து எழுத வேண்டும் என்றார். பேனா இல்லை. எழுதிக்கொண்டு வருகிறேன் என்று எதிர்க்கடைக்குப் போய் அங்கே பேச உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் கோலம்மாளின் மருமகள் சுதா வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் இடியாப்பம்தான் சாப்பிடுவார்களாம். பழைய சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு 'இடியாப்பத்துக்கு, நைசாக' என்று எழுதி மாட்டிப் போனாள். பிறகு தங்கப்பன் கடையிலிருந்து வந்தார். கையில் 'புட்டுக்கு, சாயங்காலம் நான் எடுத்துக்கொள்வேன்' என்று அழகாக எழுதிய சீட்டு. கிளிப்பில் இருந்ததை எடுத்துக் கீழே போட்டார், தன்னுடையதை மாட்டினார். நான் வேறு ஒருத்திக்குத் திரித்துக்கொண்டு என் பாட்டில் இருந்தேன், சீட்டு மாறியது பிறகுதான் தெரிந்தது. மூன்று மணிக்குச் சீட்டைப் படித்தேன், புட்டுக்குத் தரிதரியாகத் திரித்தேன்.

மறுநாள் அந்த மாவு இடியாப்ப நாழியில் இறங்கவில்லை. வந்தவர்களுக்கு முன்னால் கோலம்மாள் சுதாவைப் பேசிவிட்டாள். விருந்தாட்கள் போனதும் மூன்று பேரும் மில்லுக்கு வந்தார்கள். சுதா அழுதுகொண்டே, "நான் எழுதி மாட்டினேன் ஆச்சி" என்றாள். "எழுதினா எங்க போச்சு, மில்லு தின்னுச்சா?" என்றாள் கோலம்மாள். "நான் சீட்டுல இருந்ததத்தான் திரிச்சேன்" என்றேன் நான். சத்தம் கேட்டு ராணி இறங்கி வந்தாள். முறத்துக்கு அடியில் கிடந்த கசங்கிய சீட்டுகளைக் குனிந்து எடுத்தாள். ஒவ்வொருவரிடமும் இரண்டே கேள்விதான் கேட்டாள்.

"நீங்க படிச்சப்ப என்ன எழுதியிருந்துது? நீங்க மாட்டினப்ப என்ன இருந்துது?"

முதல் கேள்விக்கு எல்லோருக்கும் பதில் இருந்தது. இரண்டாவதற்குத் தங்கப்பனிடம் பதில் இல்லை. தான் முதலில் படித்ததுதான் அப்போதும் இருந்தது என்று நினைத்திருக்கிறார்.

"ஆரும் தப்பு பண்ணல" என்றாள் ராணி.

"அப்ப தப்பு ஆருது? மாப்பிள்ள வீட்டுக்காரனுதா?" என்றார் தங்கப்பன்.

"கிளிப்புது. எத மாட்டினாலும் அது பேசாம பிடிச்சுக்கிடுது."

சொன்னவள் அப்படியே நின்றாள். கையில் சுதாவின் சீட்டு. பிறகு அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

மறுநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் செஞ்சதும் அந்தக் கிளிப்புதான் அக்கா" என்றாள். 'சீட்டு இல்லையென்றால் மட்டும் மாட்டு' என்று சொல்ல அவள் முறையில் வழி இருந்தது. 'இருந்தால் மட்டும் மாற்று' என்று சொல்லவும் வழி இருந்தது. 'நான் பார்த்தபோது இன்னது இருந்தது, இப்போதும் அதுவே இருந்தால் மட்டும் மாற்று' என்று சொல்ல வழி இல்லை. அது எப்போதாவதுதான் வேண்டியிருக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். இப்போது, என்னுடையதை உள்ளே எடுக்க வேண்டாம், திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று குழுவுக்கு எழுதிவிட்டு வந்திருக்கிறாள்.

"ஏட்டி, நாலு வருசம். கோலம்மா வீட்டு இடியாப்பம் இறங்காததுக்கா திரும்ப வாங்குக?"

"அங்க இடியாப்பமா அக்கா இருக்கும்? இந்தக் கோப்ப ஆரு படிக்கலாம், ஆரு படிக்கப்பிடாதுன்னு எழுதி வச்சிருப்பாவ. ரெண்டு பேரு ஒரே சமயத்துல மாத்தினா ஒருத்தர் வச்சது போயிரும். போனதே தெரியாது. சுதாவுக்காவது அழ ஒரு மில்லு இருந்துது."

"பொறவு சேத்துக்கிட முடியாதா?"

"சேக்கலாம். அதுக்குள்ள பழச நம்பி எழுதினவன என்ன செய்ய?"

"எத்தன நாளு ஆவும்?"

"மறுபடி மொதல்ல இருந்து ஒவ்வொருத்தரா ஒத்துக்கிடணும். ரெண்டு வருசம் ஆவும்."

"ரெண்டு வருசமா?"

"அதுக்கென்ன. இருக்கம்லா" என்று என் தட்டில் இருந்த அப்பளத்தில் பாதியை ஒடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து மில்லில் ஒரு சட்டம் வந்தது. சீட்டை மாற்றுகிறவர்கள் பழையதை என்னிடம் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ராணி தன்னுடையதை ஒவ்வொரு தடவை மாற்றி எழுதியதும் மத்தியானம் கீழே வந்து, வெற்றுத் தாளும் கிளிப்பும் வைத்து எனக்குச் செய்து காட்டுவாள். நான் குறை சொல்ல வேண்டும். முதலில் அவள் செய்தபடி, மாற்றுகிறவன் பழைய சீட்டில் இருந்ததை முழுவதும் திருப்பி எழுதிக் காட்ட வேண்டும். "பழைய சீட்டு ஒரு முழம் இருந்தா? தங்கப்பன் எழுதமாட்டான், கிளிப்ப தூக்கி எறிஞ்சிட்டுப் போவான். ஒவ்வொரு தடவ மாறும்போதும் ஒரு நம்பரு போடு, அந்த நம்பர மட்டும் சொன்னாப் போதாதா?" என்றேன். அவள் ஒரு வாரம் கீழே வரவில்லை. வந்தபோது நம்பரோடு வந்தாள். யோசனை சொன்னவர் பெயரைப் போடுவது அவர்கள் வழக்கமாம், உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டாள். "கோலம்மா பேரப் போடு, சுதா பேரப் போடு. தங்கப்பன் பேரு மட்டும் வேண்டாம்" என்றேன்.

ஒரு தடவை அவள் மூன்று நாள் உட்கார்ந்து செய்ததை, "நல்லால்ல, வெளங்கல, மறுபடி பண்ணு" என்று ஒரே பேச்சில் தள்ளிவிட்டேன். அவள் முகம் அன்று வெளுத்திருந்தது. படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நான் அதைப் பார்த்தேன்.

அந்த இரண்டு வருஷத்தில் அவள் மெலிந்தாள். சுகர் என்றாள். மாதம் ஒரு முறை திருவனந்தபுரம் போவாள், கண் காட்ட என்பாள். ஒரு தடவை மொட்டைத் தலையோடு வந்து இறங்கினாள். மாதா கோயிலுக்கு நேர்ச்சை என்றாள். நான் நம்பினேன். கோயிலுக்குப் போனவள் எனக்கு ஒரு புட்டி எண்ணெய்கூடக் கொண்டுவரவில்லையே என்று அதையும் மனதில் வைத்துக்கொண்டேன். எதையும் மறக்காதவள் என்று பெயர் வாங்கியவள்தான். பார்த்ததையெல்லாம் ஞாபகம் வைத்திருந்தேன், ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

கடைசித் தடவை அனுப்பியதற்கு அந்த வெளிநாட்டு மனிதர் மறுபடி கையொப்பம் வைத்தார். குறை ஒன்றும் எழுதவில்லை. அடுத்த வெளியீட்டில் எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அது உள்ளே போவதை அவள் பார்க்கவில்லை. அது இனி உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் நடத்திவிடுவீர்கள் என்று ஜெபா சொன்னாள், எனக்கும் அதில் சந்தேகமில்லை.

முட்டத்தில் அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபின், நானும் ஜெபாவும் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நின்றோம். காற்றில் அவள் முக்காடு நிற்கவில்லை. கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கோலம்மா சண்ட நடந்தப்ப தனக்குக் கேன்சருன்னு அவளுக்குத் தெரியுமா மக்கா?" என்று கேட்டேன்.

"அதுக்கு முந்தின மாசமே தெரியும் ஆச்சி. ரெண்டு வருசம் கெடைச்சா பெருசுன்னு டாக்டரு சொல்லியிருந்தாரு."

அப்படியென்றால், அவள் பெயரோடு உள்ளே போகவிருந்ததைத் திரும்ப வாங்கியபோது அவளுக்குத் தெரியும். என் தட்டிலிருந்து அப்பளம் ஒடித்தபோது தெரியும்.

"என்ட்ட ஏன் சொல்லல?"

ஜெபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள். "நானும் அதத்தான் கேட்டேன் ஆச்சி. 'கீழ அக்காட்ட சொல்லிப்பிடாத. தெரிஞ்சா குறை சொல்லத நிறுத்திருவாவ. எனக்கு வேற ஆரு இருக்கா குறை சொல்ல'ன்னா."

அவள் சொன்னது சரி. தெரிந்திருந்தால் ஒவ்வொரு மத்தியானமும் அந்தத் தாளையும் கிளிப்பையும் பார்த்து, நல்லாயிருக்கு மக்கா, அனுப்பு, என்றுதான் சொல்லியிருப்பேன். நம்பர் போடு என்று சொல்லியிருக்க மாட்டேன். மறுபடி பண்ணு என்று சொல்லியிருக்கவே மாட்டேன். அவள் படியேறி ஓய்வெடுத்திருப்பாள், அவள் செய்தது தப்போடு உள்ளே போயிருக்கும்.

மாடியில் இருந்த புத்தகங்களை ஜெபா எடுத்துக்கொண்டாள். கணினியை உங்களில் ஒருவர் வந்து வாங்கிப் போனார். ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள் ஆச்சி என்று என்னிடமும் கேட்டார்கள், வேண்டாம் என்றேன். என்னை ஏமாற்றி இரண்டு வருஷம் என் வாயிலிருந்து உண்மையை வாங்கினாளே, அந்தக் கோபம் என்னிடம் இருக்கிறது. வேறு யார்மேலும் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. அதைத்தான் வைத்திருக்கிறேன், யார் வந்து சமாதானம் சொன்னாலும் கொடுக்க மாட்டேன்.